உள்ளே மரம்

ஃபைபர் துருப்பிடிக்காது. கரையான் அரிக்காது. மக்காது. ஃபைபர் படகு விற்பவர்கள் சொல்லும் இந்த மூன்றும் உண்மைதான். ஆனால், ஃபைபர் படகு என்று நாம் சொல்கிற பொருளுக்குள் ஃபைபர் மட்டும் இருப்பதில்லை. பல படகுகளில் அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டைகள் மரம். தளத்துக்குக் கீழே பிளைவுட். என்ஜின் தொங்கும் பின்பலகைக்கு உள்ளேயும் பிளைவுட். எல்லாவற்றையும் கண்ணாடி இழையும் ரெசினும் போர்த்தியிருப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. போர்த்தினாலும் மரம் மரம்தானே? நனைந்தால் மக்கும்.

இதை எனக்குச் சொன்னவர் காசிமேட்டில் ஃபைபர் படகு ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவர். அறுபது வயதைத் தாண்டியவர். கையில் ஒரு சின்னச் சுத்தியல். அதன் மரப்பிடியால் படகின் தளத்தை ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டே போனார். டாக்டர் முதுகைத் தட்டிப் பார்ப்பாரே, அதே மாதிரி.

"நல்லா இருந்தா 'டங்'னு சொல்லும் சார். உள்ள போயிருந்தா 'தொப்'புனு சொல்லும். அத்த வெச்சே கண்டுபுடிச்சிடலாம்" என்றார்.

நானும் தட்டிப் பார்த்தேன். அணியத்தின் பக்கம் டங். நடுவில் டங். பின்பக்கம் போகப் போக, ஈரத் தலையணையைத் தட்டுவது போல ஒரு சத்தம்.

படகின் சொந்தக்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் அவர் அப்பாவின் கட்டுமரம் சிதறிப் போனது. அடுத்த வருஷம் ஒரு தொண்டு நிறுவனம் இந்த ஃபைபர் படகைக் கொடுத்தது. தமிழகக் கடற்கரையில் அப்போது ஃபைபர் படகுகள் மளமளவென்று வந்து இறங்கின. நல்லதும் வந்தது, அவசரத்தில் செய்ததும் வந்தது. இது இரண்டுக்கும் நடுவில் என்று பெரியவர் சான்றிதழ் கொடுத்தார். அப்பா போய்விட்டார். படகு இருக்கிறது. அதில் இப்போது இவரும் இவருடைய பத்தொன்பது வயது மகனும் தொழிலுக்குப் போகிறார்கள்.

பெரியவர் பின்பலகையின் அடிப்பக்கத்தில் டிரில்லை வைத்து ஓர் ஓட்டை போட்டார். வெளியே வந்த தூள் காய்ந்த மரத்தூளாக இல்லை. ஊறிய டீத்தூள் போல் இருந்தது. அதன் பின்னாலேயே பழுப்பாகத் தண்ணீர், காபி டிகாஷன் மாதிரி, சொட்டுச் சொட்டாக இறங்கியது. கரையேற்றி நான்கு நாள் ஆன படகு அது.

சொந்தக்காரர் எதுவும் பேசவில்லை. திரும்பி மகனைப் பார்த்தார். அவ்வளவுதான். போன வாரம் வரை இருவரும் அந்தப் பலகையில் என்ஜினை மாட்டிக்கொண்டு, கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போய் வந்திருக்கிறார்கள். வேகமாகப் போகும்போது என்ஜினின் மொத்தத் தள்ளலும் அந்தப் பலகையின் மீதுதான். அது பிளந்தால் என்ஜின் போகும். அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே வரும்.

இவ்வளவு தண்ணீர் எப்படிப் போனது? காரணம் சப்பையானது. யாரோ எப்போதோ கொக்கி மாட்ட நான்கு ஸ்க்ரூ அடித்திருக்கிறார்கள். ஸ்க்ரூ ஃபைபரைத் துளைத்து மரம் வரை போய்விட்டது. அந்த வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் இறங்கியது.

"மரப்படகுன்னா ஒழுகும், தெரிஞ்சிடும். கட்டுமரத்த கரைக்கு வந்ததும் கயிறு அவுத்து, பிரிச்சிக் காயப் போடுவோம். இதுல உள்ள போன தண்ணி வெளிய வர வழியே இல்ல. பூட்டி வெச்சா மாதிரி. தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு போட்ட ஃபைபர்தான் சார், தண்ணிய வெளிய வுடாமயும் புடிச்சிக்கினு கீது."

எனக்கு எங்கள் அபார்ட்மென்ட் ஞாபகம் வந்தது. வருஷம் தவறாமல் வெளியே பெயின்ட் அடிக்கிறோம். தூணுக்குள் கம்பி என்ன நிலைமையில் இருக்கிறது என்று யாரும் தட்டிப் பார்த்ததில்லை.

தளத்தை வெட்டி எடுப்பது என்று முடிவானது. உடனே கிரைண்டரைப் போட்டு வெட்டுவார்கள் என்று நினைத்தேன். இல்லை. முதலில் வெளிப்பக்கம் முழுக்க முட்டுக் கொடுத்தார்கள். உள்ளே இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவே குறுக்குக் கட்டைகளை வைத்து இறுக்கினார்கள். தளமும் அடிக்கட்டைகளும் சேர்ந்துதான் படகை அதன் வடிவத்தில் பிடித்துவைத்திருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் ஓடு விரிந்துகொள்ளும், அல்லது முறுக்கிக்கொள்ளும். அந்தக் கோணலோடு புதுத் தளத்தை ஒட்டிவிட்டால் ஆயுசுக்கும் கோணல். பிறகு எந்த என்ஜினை மாட்டினாலும் படகு நேராகப் போகாது.

வெட்டும்போது பறக்கிற தூசி பொல்லாதது. எல்லாம் கண்ணாடி இழை. மூக்கு, வாய், கை, கால் எல்லாவற்றையும் மூடிக்கொண்டுதான் வேலை. அப்படியும் ராத்திரி முழுக்க அரிக்கும் என்றார்கள். தளத்தைத் தூக்கியதும் வந்த வாடையைச் சொல்லத் தெரியவில்லை. அழுகின மரமும் பழைய உப்புத் தண்ணீரும் கலந்த வாடை. உள்ளே கட்டை இருந்த இடத்தில் கட்டையின் வடிவம் மட்டும் இருந்தது. பையன் கையாலேயே அள்ளி எடுத்தான்.

இதற்குப் பிறகு வந்ததுதான் உண்மையான சண்டை. காய வைப்பது.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஃபைபர் படகுகள் போகலாம். அப்போது வரத்து குறைவு, மீனுக்கு நல்ல விலை. சொந்தக்காரருக்கு அதற்குள் படகு இறங்கியாக வேண்டும். கடனுக்குத் தவணை இருக்கிறது. வீட்டில் அரிசி வாங்க வேண்டும். "மாமா, ஒரு வாரம் காஞ்சாச்சு. மூடிடு" என்று தினமும் வந்து நின்றார்.

பெரியவர் வாக்குவாதம் செய்யவில்லை. ஒரு பிளாஸ்டிக் தாளை எடுத்துப் படகின் உட்புறத்தில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டினார். மறுநாள் வெயில் ஏறியதும் கூப்பிட்டுக் காட்டினார். தாளின் அடியில் முத்து முத்தாக வியர்த்திருந்தது.

"மூட எனக்கு ஒரு நாள் போதும்டா. ஈரத்து மேல ஒட்டினா பெயின்ட் அடிச்சதும் அழகாதான் இருக்கும். எனக்கும் காசு வந்துடும். பையனையும் கூட்டிக்கினு போற இல்ல?"

சொந்தக்காரர் பதில் சொல்லவில்லை. அன்று சாயந்திரமே பக்கத்துப் படகில் கூலிக்குப் போவதற்குப் பேசி வைத்தார். தாளில் வியர்வை நிற்க இன்னும் ஒன்பது நாள் ஆனது.

அதன் பிறகு வேலை வேகமெடுத்தது. புதுக் கட்டைகளையும் பிளைவுட்டையும் வைப்பதற்கு முன்பே எல்லாப் பக்கத்திலும், முக்கியமாக வெட்டுமுனைகளில், ரெசின் குடிக்க வைத்தார்கள். பழைய ஃபைபரும் புது ஃபைபரும் தானாக ஒட்டிக்கொள்ளாது. பழசைச் சொரசொரப்பாகத் தேய்க்க வேண்டும். சேரும் இடத்தில் ஓரத்தைச் சரிவாக இழைக்க வேண்டும். கனம் 5 மில்லிமீட்டர் என்றால் சரிவு 60 மில்லிமீட்டர் வரை, பன்னிரண்டு மடங்கு. அப்போதுதான் பாரம் ஒரே கோட்டில் விழாமல் பரவும்.

ரெசினுக்கு ஹார்டனர் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. குறைந்தால் பிசுபிசுவென்று நிற்கும். கூடினால் சூடாகி வெடிப்பு விடும். சென்னை வெயிலில் பக்கெட்டிலேயே புகைந்து கல்லாகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்கினார்கள். வெள்ளை மேட்டை விரித்து ரெசினைத் தடவி ரோலர் ஓட்டினால் வெள்ளை மறைந்து கண்ணாடி போலாகிறது. எங்காவது வெள்ளை தெரிந்தால் அங்கே காற்று மாட்டியிருக்கிறது. மறுபடி ரோலர்.

இந்த வேலை உலகம் முழுக்க நடக்கிறது. அமெரிக்காவில் 1960, 70களின் ஃபைபர் மோட்டார் படகுகளை வாங்கி, இதே போலத் தளத்தைப் பிரித்துக் கட்டை மாற்றுவது பலருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. நம் ஊரில் அது பிழைப்பு. இன்னொரு காரணமும் உண்டு. கட்டுமரம் செத்தால் அடுப்பெரிக்கலாம். ஃபைபர் செத்தால் எரிக்கவும் முடியாது, புதைத்தாலும் மக்காது. பழைய உல்லாசப் படகுகளை உரிமையாளரிடம் காசு வாங்காமல் பிரித்து அகற்றுவதற்கென்றே பிரான்ஸில் 2019 முதல் ஓர் ஏற்பாடு நடக்கிறது. நம் கடற்கரைகளில் கவிழ்த்துப் போட்ட ஃபைபர் கூடுகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரு பழைய படகுக்குப் புதுக் கட்டை போட்டால், அந்த வரிசையில் ஒன்று குறைகிறது.

தளத்தை மூடுவதற்கு முன்பு பெரியவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, உள்ளே புதுக் கட்டையின் மீது தேதியை எழுதினார். அதன் மேல் ஒரு கை ரெசின் தடவினார்.

"யாருக்குத் தெரியப் போவுது?" என்று கேட்டேன்.

"அடுத்து தொறக்கறவனுக்கு" என்றார்.

படகு இறங்குவதற்கு முதல் நாள் சாயந்திரம், பையன் ஒரு லைட்டையும் நான்கு ஸ்க்ரூவையும் கையில் வைத்துக்கொண்டு வந்தான். "தாத்தா, இத்த எங்க மாட்டலாம்?"

சொந்தக்காரர் பதறிப்போய் எழுந்தார். பெரியவர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, பையனிடம் டிரில்லைக் கொடுத்தார். முதலில் ஸ்க்ரூவை விடப் பெரிய ஓட்டையாகப் போடச் சொன்னார். அதை ரெசின் கலவையால் முழுக்க அடைக்கச் சொன்னார். "நாளைக்குக் காத்தால வா. அது இறுகினப்புறம், அதுக்கு நடுவுல சின்ன ஓட்ட போடு. ஸ்க்ரூ மரத்தத் தொடாது. புரிஞ்சிதா?"

பையன் தலையாட்டிவிட்டு, குனிந்து அடைக்க ஆரம்பித்தான்.