7 வயதுப் பேத்தியும் 25 வருட ஒப்பந்தமும்

பெட்ரோல் பங்க்கிலோ சூப்பர் மார்க்கெட்டிலோ ஒரு சீட்டை நீட்டுவார்கள். பெயரும் போன் நம்பரும் எழுதிப் போட்டால் போதும். இரண்டு நாளில் அழைப்பு வரும். "வாழ்த்துகள் சார், உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு. மேடத்தையும் கூட்டிட்டு வந்து வாங்கிக்கங்க." பரிசு என்னவோ கண்ணாடி டம்ளர் செட்தான். ஆனால் அதை வாங்க இரண்டு மணி நேரம் ஏ.சி. அறையில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். அங்கே விற்கப்படும் சரக்கின் பெயர் டைம்ஷேர்.

கள்ளக்குறிச்சியில் ஒரு தாத்தா. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சேலத்துக்குப் போன இடத்தில் இப்படி ஒரு அறையில் உட்கார்ந்துவிட்டு வந்தார். அவருடைய 7 வயதுப் பேத்திக்குத் தீம் பார்க் என்றால் உயிர். பள்ளி விடுமுறை விட்டால் போதும், "தாத்தா, எப்போ சென்னை?" என்று ஆரம்பித்துவிடுவாள். கையில் ஓய்வுக்காலப் பணம் இருக்கிறது. அவர் முன்னால் மூன்று வழிகள்: டைம்ஷேர் வாங்குவது, சென்னைக்குப் பக்கத்தில் மனை வாங்கி ஒரு சின்ன வீடு கட்டுவது, அல்லது கல்வராயன் மலையில் விடுமுறை வீடு.

டைம்ஷேர் என்றால் என்ன? ஒரு விடுதி அறையை வருடத்துக்கு ஒரு வாரம் வீதம் பல வருடங்களுக்கு முன்கூட்டியே பணம் கட்டி எடுத்துக்கொள்வது. 1960களில் ஐரோப்பாவில் தொடங்கிய ஏற்பாடு. அமெரிக்காவில் இது தீம் பார்க்கோடு கைகோத்துக்கொண்டது. 1971ல் ஆர்லாண்டோவில் டிஸ்னி வேர்ல்டு திறந்தது. 1991ல் டிஸ்னியே சொந்தமாக டைம்ஷேர் விற்க ஆரம்பித்தது. இந்தியாவில் ஸ்டெர்லிங் 1986லும், மஹிந்திரா 1996லும் இந்தத் தொழிலுக்கு வந்தன. இங்கே பெரும்பாலும் கிடைப்பது தங்கும் உரிமை மட்டும்தான். அறை உங்கள் பெயரில் பத்திரம் ஆகாது.

ஆர்லாண்டோவில் இது ஓடுவதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே டிஸ்னிக்கு மட்டும் நான்கு பார்க்குகள், பக்கத்திலேயே யுனிவர்சல். ஒரு வாரம் தங்கினாலும் பார்த்து முடியாது. நம் ஊர்க் கதை வேறு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபி, எம்ஜிஎம். பூந்தமல்லி தாண்டி குயின்ஸ்லேண்ட். 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் திறந்த வொண்டர்லா. எதுவானாலும் ஒரு நாள் வேலை. கள்ளக்குறிச்சியிலிருந்து விடியற்காலை வேன் பிடித்தால் பார்க் திறக்கும் நேரத்துக்குப் போய்விடலாம். அசதியாக இருந்தால் ஒரு ராத்திரி தங்கலாம். ஏழு ராத்திரி எதற்கு? அதோடு டைம்ஷேர் விடுதிகள் அதிகம் இருப்பது ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மலை ஊர்களில். பேத்தி கேட்டது ரோலர் கோஸ்டர்!

சரி, கணக்குக்கு வருவோம். நுழைவுத் தொகை 4 லட்சம், வருடப் பராமரிப்புக் கட்டணம் 20,000, ஒப்பந்தம் 25 வருடம் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் 4 லட்சத்தை 25ஆல் வகுத்து, "வருஷத்துக்கு 16,000 தான் சார்" என்பார். பராமரிப்புக் கட்டணம் அந்த வாக்கியத்தில் வராது. அந்த 4 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு டெபாசிட் போட்டால் வருடம் 28,000 வரும். அதை இழக்கிறோம். கூடவே 20,000 கட்டுகிறோம். மொத்தம் 48,000. ஏழு ராத்திரிக்கு வகுத்தால் ஒரு ராத்திரிக்கு 6,850 ரூபாய்க்கு மேல். இதில் அசல் 4 லட்சம் திரும்பி வராது என்பது தனி. பராமரிப்புக் கட்டணம் வருடா வருடம் ஏறுவதும் தனி.

அதே 48,000ஐக் கையில் வைத்துக்கொண்டால்? ஐந்து பேருக்கு டிக்கெட் ஆளுக்கு 1,500 வீதம் 7,500. வேனும் சாப்பாடும் 6,000. லாட்ஜில் இரண்டு ரூம் 4,000. ஒரு பயணத்துக்கு 17,500. வருடத்துக்கு இரண்டு தடவை போனாலும் 13,000 மிச்சம். அசலும் பத்திரமாக இருக்கும்.

அடுத்தது மனை. வருடத்துக்கு இரண்டு ராத்திரி படுக்க ஒரு வீடு. மீதி 363 நாளும் அதைப் பெருக்க, பூட்ட, கரண்ட் பில் கட்ட, யாராவது வேலியை நகர்த்தினார்களா என்று பார்க்க ஆள் வேண்டும். மனை விலை ஏறும் என்று வாங்கினால் அது முதலீடு. அதை விடுமுறைக் கணக்கில் எழுதக் கூடாது.

மூன்றாவது, கல்வராயன் மலை. வெள்ளிமலை, கரியாலூர் படகுக் குழாம், மேகம் அருவி, பெரியார் அருவி என்று மனசு இழுக்கும். ஆனால் அது வெறும் காலி மலை அல்ல. 1976 வரை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்த இடம். அங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர் (பெயர்தான் மலையாளி, பேசுவது தமிழ்). காப்புக்காடு ஒரு பக்கம், அரசு நிபந்தனையோடு கொடுத்த நிலம் இன்னொரு பக்கம். நிபந்தனையை மீறிக் கைமாறிய நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். 2024 ஜூனில் கள்ளச்சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டவர்கள் பலியான பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை போன்ற அடிப்படை வசதிகளே அங்கே கேள்வியாக இருந்தன. அப்படிப்பட்ட இடத்தில் வருடத்துக்குப் பத்து நாள் திறக்கும் வீடு யாருக்காக? காலையில் பஸ் ஏறினால் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடக்கூடிய மலைதானே அது!

இந்த மூன்று கணக்கையும்விடப் பெரியது ஒன்று இருக்கிறது. வயசு. பெரிய ராட்டினங்களின் வாசலில் உயரம் அளக்கும் கோடு இருக்கும். 7 வயதில் பல ராட்டினங்களில் ஏற முடியாது. ஏறும் உயரம் வந்த பிறகு ஐந்தாறு வருடம் ஆட்டம் போடுவாள். அப்புறம் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டியூஷன். அதற்குப் பிறகு போனால் தோழிகளோடு போவாள். ஒப்பந்தம் முடியும்போது அவளுக்கு வயது 32. தாத்தாவுக்கு 85. அந்த வயதிலும் பராமரிப்புக் கட்டணம் கேட்டு நோட்டீஸ் வரும்.

"அப்பா, அவ வளர்ற வேகத்துக்கு ஒப்பந்தம் போட முடியாதுப்பா" என்று மகள் சொன்னதுதான் கடைசியில் வேலை செய்தது. பணம் தபால் அலுவலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்குப் போனது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி வரும். ஒரு காலாண்டு வட்டி பேத்தியின் பெயரில் சென்னைக்கு.

ஏற்கனவே கையெழுத்துப் போட்டவர்கள் என்ன செய்வது? ஃப்ளோரிடாவில் டைம்ஷேர் வாங்கியவர் 10 நாளுக்குள் மனம் மாறினால் ரத்து செய்யச் சட்டமே இடம் தருகிறது. இங்கே டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் ரத்து செய்ய எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். அதற்குள் எழுத்து மூலம் கடிதம் கொடுங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரை வைத்தே புகார் கொடுக்கலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள் ஒரே ஒரு வேலை செய்தால் போதும். "இன்னிக்கு மட்டும்தான் இந்த விலை" என்று சொன்னால், ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படியுங்கள். நகல் தர மாட்டோம் என்றால் டம்ளர் செட்டை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுங்கள்.