மைக்ரோவேவில் வேகும் மரத்தூள்

வீட்டில் பால் சூடாக்கும் அதே மைக்ரோவேவ் அலைதான் (2.45 கிகாஹெர்ட்ஸ்). காற்றுப் புகாத கலத்தில் மரத்தூளைப் போட்டு 500 டிகிரிவரை கொண்டுபோனால் எண்ணெய், வாயு, கரி மூன்றும் கிடைக்கும். இதில் ஒரு வேடிக்கை... காய்ந்த மரம் அந்த அலையை அவ்வளவாக உறிஞ்சாது! ஈரம்தான் உறிஞ்சும். அது ஆவியானதும் சூடு சரியாக ஏறாது. அதனால் கரித்தூள் கலக்கிறார்கள். கரி அலையைப் பிடித்து, பக்கத்து மரத்தைச் சுடும். போன தடவை மிஞ்சிய கரியே போதும்.

சரி, வரவு செலவு? அனல்மின் நிலையத்தில் 100 பங்கு நிலக்கரிச் சூடு சுமார் 35 பங்கு மின்சாரமாகிறது. அதை அலையாக்கும் மேக்னெட்ரான் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மரத்துக்குப் போய்ச் சேருவது 23தான். இதற்கு மரத்தூளையே அடுப்பில் போட்டுவிடலாமே! காற்றாலை மின்சாரம் வாங்க ஆளில்லாமல் வீணாகும் இடங்களில் மட்டும் கணக்கு வேறு.