ஆணை வராத ஆண்டுகள்

எங்கள் தொழிலில் இருவர் முதன்முறையாகச் சந்தித்துக்கொள்ளும்போது, பெயருக்கும் ஊருக்கும் அடுத்தபடியாக வரும் கேள்வி ஒன்று உண்டு: "நீங்கள் நிரந்தரமா, சுயநிதியா?" விடைத்தாள் திருத்தும் முகாமின் தேநீர் இடைவேளையிலும் கருத்தரங்கின் மதிய உணவுப் பந்தியிலும் இக்கேள்வியைக் கேட்கலாம். விடைக்கேற்பக் கேட்டவரின் குரல் சற்றே மாறும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக "சுயநிதி" என்றே விடை சொல்லி வருபவன் நான். அண்மைக் காலமாக, தமிழில் முதுகலை முடிக்கும் மாணவர்கள் என்னிடம் வேறொரு கேள்வியோடு வருகிறார்கள்: "ஐயா, இந்தத் துறையில் நின்று பிடிக்க முடியுமா?" அவர்களுக்கு வராந்தாவில் நின்றபடி சொன்ன அரைகுறை விடைகளைச் சற்று ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

கல்லூரிகளுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். அரசு உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில் இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்றில் ஆசிரியர்க்கு அரசு ஊதியம் தருகிறது. மற்றதில் மாணவர் கட்டும் கட்டணத்திலிருந்து நிர்வாகம் தருகிறது. பாடத்திட்டம் ஒன்று, வினாத்தாள் ஒன்று, பல இடங்களில் கரும்பலகையும் ஒன்றே. மாதக் கடைசியில் கைக்கு வருவது மட்டும் வேறு. 2004இல் தென்மாவட்டம் ஒன்றில், நெசவும் வானம் பார்த்த விவசாயமும் கலந்த ஒரு சிற்றூர்க் கல்லூரியில் நான் சேர்ந்தபோது என் ஊதியம் 4,500 ரூபாய். மே மாதத்துக்கு அதுவும் கிடையாது. கோடை விடுமுறை என்பது எங்களுக்கு வெயிலின் பெயரன்று, கடனின் பெயர்.

அந்த நாட்களில் என்னிடம் இருந்த மூலதனம் எம்.ஏ., எம்.ஃபில். என்னும் இரண்டு பட்டங்கள். அவற்றின் மதிப்பு ஏறி இறங்கிய வரலாற்றைச் சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும். எம்.ஃபில். பெற்றவர் இளங்கலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்தத் தகுதித் தேர்வு எழுத வேண்டியதில்லை என்று 2006இல் பல்கலைக்கழக மானியக் குழு விலக்கு அளித்தது. தகுதி வந்துவிட்டது என்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். 2009இல் அந்த விலக்கு போயிற்று. நெட் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கினேன். அப்போது அதன் மூன்றாம் தாள் விரித்தெழுதும் தாள். எழுத்துப் பயிற்சி உள்ளவனுக்குச் சற்று அனுகூலமானது. 2012 ஜூனில் அதுவும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தாளாக மாறியது. அவ்வாண்டின் இறுதியில், மூன்றாம் முயற்சியில், தேறினேன். 2018இல் மூன்றாம் தாளே இல்லாமற்போனது. பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராக 2021 ஜூலை முதல் முனைவர் பட்டம் கட்டாயம் என்று 2018இல் ஒரு விதி வந்தது. பின்பு அது 2023 ஜூலைக்குத் தள்ளிப்போனது. அந்த ஜூலை வந்தபோது நெட், செட் போன்ற தேர்வுகளே போதும் என்றாகிவிட்டது. எம்.ஃபில். என்ற பட்டத்தையே 2022இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது நான் வைத்திருப்பது ஒரு பழம்பொருள்.

விதிகளைக் குறைசொல்வது என் நோக்கமன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். இத்தகைய காலத்தில் வாழும் ஒருவனின் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என்பதையே சொல்ல வருகிறேன். வறுமையை மனிதர்கள் எப்படியோ தாங்கிவிடுகிறார்கள். தாங்க முடியாதது அளவுகோல் மாறிக்கொண்டே இருப்பது. நேற்றுத் தகுதியுடையவனாக இருந்தவன் இன்று தகுதியற்றவன் என்று ஓர் அறிவிக்கை சொல்லும்போது, அது பதவியைப் பற்றித்தான் பேசுகிறது. அவனோ தன்னைப் பற்றிப் பேசுவதாக எடுத்துக்கொள்கிறான். பத்து முறை அப்படி எடுத்துக்கொண்டவன் பதினொன்றாம் முறை வகுப்பறைக்குள் நுழையும்போது குரலில் உயிர் இருப்பதில்லை. நல்ல ஆசிரியர்கள் பலரின் குரல் அப்படி அடங்கியதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டிருக்கிறேன்.

*

2009ஆம் ஆண்டு விதி மாறிய பருவத்தில்தான் நான் ஒரு சிறு வேலையைத் தொடங்கினேன். பகுதி ஒன்று தமிழ் என்பது வணிகவியல், இயற்பியல், கணினி அறிவியல் என எல்லா மாணவர்களும் படிக்கும் பொதுத்தமிழ். பெரும்பாலும் அவர்கள் தேர்ச்சிக்காக மட்டுமே அமர்ந்திருக்கும் வகுப்பு. முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ தெருவிலோ தொழில் சார்ந்து வழங்கும் பத்துச் சொற்களை, அவற்றைச் சொன்னவரின் விளக்கத்தோடு, அட்டையில் எழுதிவர வேண்டும் என்று ஒப்படைப்புக் கொடுத்தேன். வந்த சொற்களை நூலகத்தில் இருந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனோடு ஒப்பிட்டு, அங்கே இருப்பவை, பொருள் மாறி இருப்பவை, இல்லாதவை என்று மூன்றாகப் பிரித்து நோட்டுப் புத்தகத்தில் ஏற்றினேன். இதற்காக வாரத்தில் நான் ஒதுக்கியது புதன்கிழமை மாலை இரண்டு மணி நேரம்.

முதலாண்டில் பாதி அட்டைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியவை. இருந்தும் மீதிப் பாதியில் ஓர் உலகம் இருந்தது. பாவு, ஊடை, விழுது, அச்சு, நாடா என்று தறியைச் சுற்றி விரிந்த சொற்கள். சால், வடம், வால்கயிறு, தும்பி என்று கமலை இறைத்த காலத்தின் எச்சங்கள். வகுப்பில் வாய் திறக்காத ஒரு வணிகவியல் மாணவி, கண்மாயில் நீர்ப்பாய்ச்சியாக இருந்த தம் தாத்தாவிடம் கேட்டு, மடை திறப்பதற்கும் தண்ணீரைப் பங்கிடுவதற்கும் உரிய சொற்களை எழுதிவந்தார். அட்டையை நீட்டிவிட்டு அங்கேயே நின்றார். என்னவென்று கேட்டேன். "தாத்தா இன்னும் நிறைய இருக்குன்னு சொன்னாரு ஐயா. பத்துதான் எழுதணுமா?" என்றார். அதுவரை அவ்வகுப்பில் என்னிடம் யாரும் கூடுதலாக எழுதலாமா என்று கேட்டதில்லை.

அந்தக் கேள்விக்கு எந்த அறிவிக்கையும் மதிப்பெண் போடாது. பதவி உயர்வுப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் கிடையாது. ஆயினும் நான் ஆசிரியன்தானா என்ற ஐயத்துக்கு ஒரு விடை அன்று கிடைத்தது. அதை யாராலும் திருத்தி வெளியிட முடியாது. இப்போது அந்நோட்டுகள் ஏழு. புத்தகமாகுமா என்று தெரியாது. புதன்கிழமைகள் மட்டும் தவறியதில்லை.

*

நெஞ்சுரத்துக்கு உதாரணமாக உ.வே.சாமிநாதையரைச் சொல்வது தமிழாசிரியர் வழக்கம். பெரும்பாலும் அவர் ஏடு தேடி அலைந்த கதையைச் சொல்வோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அவருடைய உத்தியோகக் கணக்கும் உழைப்புக் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பது. கும்பகோணம் கல்லூரியில் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அவருடைய பரிந்துரையால் 1880இல் ஐயருக்கு அவ்விடம் கிடைத்தது. அதே ஆண்டில் அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், ஐயர் கற்றதாக அடுக்கிச் சொன்ன நூல்களின் பட்டியலைக் கேட்டு வியக்கவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். உத்தியோகம் அப்போது அவர் கையில் இருந்தது. சிந்தாமணியைப் பதிப்பிக்கும்படி கல்லூரி கேட்கவுமில்லை. ஏழாண்டு உழைப்புக்குப் பின் 1887இல் அந்நூல் அச்சேறியது. பத்துப்பாட்டு 1889இல், சிலப்பதிகாரம் 1892இல், புறநானூறு 1894இல் வந்தன. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போனார். 1919இல் ஓய்வு பெற்றார். குறுந்தொகைப் பதிப்பு வெளிவந்தது 1937இல், அவரது எண்பத்திரண்டாம் வயதில். பதவி முடிந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் பணி முடியவில்லை. பதவிக்கு ஒரு தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பணிக்கு வேறு நாட்காட்டி.

அவருக்கு மாதச் சம்பளம் இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காகவே கி.ராஜநாராயணனையும் நினைத்துக்கொள்கிறேன். இடைசெவலில் விவசாயம் பார்த்தவர். கல்லூரி வாசலை மிதிக்காதவர். முப்பது வயதைத் தாண்டியபின் எழுத வந்தவர். கரிசல் மண்ணின் பேச்சைச் சேகரித்து வட்டாரச் சொல்லகராதி ஒன்றை அவர் 1982இல் வெளியிட்டபோது எந்தப் பல்கலைக்கழகமும் அதை அவரிடம் கேட்டிருக்கவில்லை. எண்பதுகளின் இறுதியில், அறுபது வயதைக் கடந்த அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. நெட் தேர்விலும் எம்.ஃபில்.லிலும் முட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு இச்செய்தி எத்தனை ஆறுதல் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆறுதல் அவருக்குப் பதவி கிடைத்ததில் இல்லை. அந்த அழைப்பு வராமலே போயிருந்தாலும் சொல்லகராதி இருந்திருக்கும் என்பதில் இருக்கிறது.

*

இங்கே ஓர் எச்சரிக்கை. மன உறுதி, தியாகம், ஆசிரியப் பணியின் மேன்மை ஆகிய சொற்களை ஊதியத்துக்கு மாற்றாக நீட்டுவோர் உண்டு. ஆசிரியர் தின விழா மேடைகளில் அவர்களைப் பார்க்கலாம். நான் சொல்வது அதுவன்று. ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் வேண்டும் என்று கேட்பதும், அதற்காகச் சங்கம் சேர்வதும் தன்மானத்தின் பகுதி. மனத்தை வலுப்படுத்திக்கொள்வது, கேட்பதை நிறுத்துவதற்காக அன்று. கேட்டுக்கொண்டே இருக்கும் ஆண்டுகளில் உள்ளே உடைந்துபோகாமல் இருப்பதற்காக.

வீட்டுக் கணக்கும் உண்டு. 2014இல் இரண்டாவது குழந்தை பிறந்தபோது, போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுத்தமிழ் நடத்த ஒப்புக்கொண்டேன். தொகுதி நான்கு தேர்வில் நூறு வினாக்கள் தமிழிலிருந்து வருகின்றன. தமிழ் படித்தவனுக்கு இன்று சந்தையில் உள்ள நேர்மையான கிராக்கிகளில் அது ஒன்று. நூலையும் ஆசிரியரையும் பொருத்தச் சொல்லிக் கொடுப்பதா இலக்கியக் கல்வி என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். என் மனைவி ஒரு வரியில் அதை முடித்துவைத்தார்: "அரிசி ஒரு கடையில வாங்குறோம், புத்தகம் ஒரு கடையில வாங்குறோம். ரெண்டும் ஒரே கடையில கிடைக்கணும்னு ஏன் நினைக்கிறீங்க?" வருமானமும் நிறைவும் ஒரே இடத்திலிருந்து வருவது பெரும்பேறு. வராதவர்கள் இரண்டையும் இரண்டு இடங்களில் தேடிக்கொள்வதில் இழிவு ஏதுமில்லை.

விலகுவதிலும் இழிவில்லை. என்னோடு அதே மாதத்தில் பணியில் சேர்ந்த நண்பர் ஒருவர், முப்பத்தைந்து வயது வரை பார்ப்பேன், பிறகு வேறு வழி என்று நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார். சொன்னபடியே தேர்வெழுதி அரசு அலுவலகம் ஒன்றில் சேர்ந்தார். இன்று மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு எங்கள் வீட்டில் கூடும் நால்வரில் கம்பனை அதிகம் படித்தவர் அவர்தான். துறையை விட்டவர் அவர், இலக்கியத்தை விடவில்லை. துறையில் இருந்துகொண்டே இலக்கியத்தை விட்டவர்களையும் நான் அறிவேன். இவ்விருவரில் தோற்றவர் யார்?

அந்தக் கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு பேர், ஒரு நூல், ஒரு குடம் தண்ணீர், சுண்டல். பதவி, பட்டியல், வழக்கு, தீர்ப்பு ஆகியவற்றை முதல் கால் மணி நேரத்துக்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் பேசினால் அடுத்த முறை சுண்டல் செலவு பேசியவருடையது. சோர்ந்த மனிதன் தனியாகப் படிக்க முடியாது. வருவதாகச் சொல்லிவிட்டோமே என்பதற்காகப் படிப்பான். என் வறண்ட ஆண்டுகள் சிலவற்றைக் கடத்தியது அந்தச் சிறு கூச்சம்தான்.

சென்ற மாதம் முன்னாள் மாணவி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். முதுகலை முடித்துத் தகுதித் தேர்விலும் தேறியிருக்கிறார். மூன்று கேள்விகளுக்கு எழுதி விடை வைத்துக்கொள்ளச் சொன்னேன். எந்த ஆண்டு வரை காத்திருப்பாய்? அதுவரை வீட்டுச் செலவுக்கு எங்கிருந்து வரும்? ஆணை வந்தாலும் வராவிட்டாலும் உன்னால் செய்துகொண்டே இருக்கக்கூடிய வேலை எது? முதல் இரண்டுக்கும் அங்கேயே விடை சொல்லிவிட்டார். மூன்றாவதற்குச் சற்று நேரம் யோசித்துவிட்டு, தம் பாட்டி பாடும் ஒப்பாரிகளை யாரும் எழுதி வைக்கவில்லை என்றார். பாட்டிக்கு என்ன வயது என்று கேட்டேன். எண்பத்தேழு.

"அப்படியானால் அறிவிக்கைக்குக் காத்திருக்க நேரமில்லை, அம்மா. இந்த வாரமே தொடங்கு" என்றேன்.