ஒரு கட்டு... அடுத்த கட்டு... குடியாத்தத்தில் கிடைத்த நாவல் பாடம்!

நாவல் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மூன்றாவது அத்தியாயத்தில் நின்றுபோய் இரண்டு வருடம் ஆகிறது. ‘வேலையை விட்டால்தான் எழுத முடியும்’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். குடியாத்தம் போய்வந்த பிறகு அப்படிச் சொல்வதில்லை.

ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் போக ஆட்டோ பிடிக்க வேண்டும். நடுவே கவுண்டன்ய மகாநதி. ஒரு தெருவில் லுங்கி நெய்யும் தறிச் சத்தம், அடுத்த தெருவில் தீப்பெட்டி வேலை. முதல்வரான காமராஜர் 1954-ல் இடைத்தேர்தலில் நின்று வென்ற தொகுதி இது. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வரும்போது ஊரே தெருவில் நிற்கும். திரும்பிய பக்கமெல்லாம் கதைதான்!

ஒரு வீட்டுத் திண்ணையில், மடியில் முறத்தோடு ஓர் அக்கா பீடி சுற்றிக்கொண்டிருந்தார். இலையில் தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, வாய் மடிக்கும் வேகத்தைப் பார்த்து அசந்துபோனேன்.

“ஒரு நாளைக்கு எவ்ளோக்கா?”

“ஆயிரம்.”

“ஆயிரமா! எப்படிக்கா முடியுது?”

“ஆயிரம்னு நெனச்சா கை ஓடாது தம்பி. ஒரு கட்டு முடிச்சா அடுத்த கட்டு. அவ்ளோதான்.”

அந்த நொடியில் என் நாவல் ஞாபகம் வந்தது. நான் எப்போதும் ஆயிரத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில்தான் மு.வரதராசன் வளர்ந்தார். திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர், உடல்நலம் கெட்டு அந்த வேலையை விட்டார். தானாகப் படித்து 1935-ல் வித்வான் தேர்வில் முதலிடம் பெற்றார். பிறகு ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே பதின்மூன்று நாவல்கள் எழுதினார். வாலாஜா சிறுவர்களின் நட்பில் தொடங்கும் ‘அகல் விளக்கு’, 1961-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது.

குடியாத்தத்துக்குப் பக்கத்து ஊர் பேர்ணாம்பட்டு. ‘தகப்பன் கொடி’ நாவல் எழுதிய அழகிய பெரியவனின் ஊர். பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே நிலத்தையும், அதை இழந்த தலித் மக்களையும் எழுதியவர். பெரிய கதை தேடி அவர் தூரதேசம் போகவில்லை.

திண்டுக்கல் தோல் தொழிலாளர்களை வைத்து ‘தோல்’ எழுதி, 2012-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கிய டி.செல்வராஜ், வழக்கறிஞர். மூவருமே பிழைப்புக்கு ஒரு வேலையும், எழுத ஒரு நாவலும் வைத்திருந்தவர்கள்.

மாலையில் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். ஷூ கம்பெனி வேலை முடித்த பெண்கள் டிபன் பையோடு வண்டியிலிருந்து இறங்கினார்கள். ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி போனில் யாரிடமோ அழுதாள். இவர்கள் கதையை வெளியூரிலிருந்து ஒருவர் வந்து எழுதும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன? இந்த ஊர்ப் பெண் ஒருத்தியே எழுதலாமே!

கணக்கு ரொம்ப எளிது. தினமும் 150 வார்த்தை எழுதினால், வருடத்துக்கு 54,750 வார்த்தை. ஒரு நாவலுக்குத் தாராளம். போனிலேயே தட்டலாம்.

பஸ் ஆம்பூரைத் தாண்டுவதற்குள் நான் 150 வார்த்தை முடித்துவிட்டேன். நாளைக்கு அடுத்த கட்டு. நீங்கள் எப்போது தொடங்கப் போகிறீர்கள்?