ஒரே தொட்டியில் கூட்டுக் குடித்தனம்

டேபிள் ரோஸ் வெயில் செடி. நிழலில் வைத்தால் பூ விரிவதே அரிது. சதைப்பற்றான இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேமித்துக்கொள்வதால், வேர் எப்போதும் ஈரத்தில் ஊறினால் அழுகிவிடும். பெரணியோ நேர்மாறு, நிழலும் நீங்காத ஈரமும் கேட்கும். நர்சரியில் பார்க்க அழகாக இருக்கிறதே என்று இரண்டையும் ஒரே தொங்கு தொட்டியில் நட்டால், ஒன்றுக்கு ஊற்றும் தண்ணீரே மற்றதற்கு எமன்.

டேபிள் ரோஸுக்கு ஊதா இலை டிரேடெஸ்கான்ஷியா நல்ல ஜோடி: இரண்டும் வெயில் தாங்கும், விளிம்பில் வழியும். பெரணியோடு சிங்கோனியம் ஒத்துப்போகும்.

புதினா மட்டும் தனிக்குடித்தனம்தான்! மண்ணுக்கடியில் தண்டு ஓட்டி, பக்கத்துக் கொத்தமல்லியை நெருக்கித் தள்ளிவிடும்.

மண் குறைவு, நாலா பக்கமும் காற்று என்பதால் தொங்கு தொட்டி சீக்கிரம் காயும். தென்னை நார்க்கழிவு கலந்தால் ஈரம் நிற்கும். கொக்கிக்கும் பாரம் குறையும்.