ராத்திரியில் எழும்பும் ஆம்பிளைகள்

எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் சீனி வருத்தத்தைக் கூசாமல் சொல்வார்கள். பிரஷரைப் பெருமையாகவே சொல்வார்கள். ஒன்னுக்குப் போவதில் சிக்கல் என்றால் மட்டும் வாய் திறப்பதில்லை. நானும் அந்த ரகம்தான். வெட்கத்தை விட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எம்பிலிப்பிட்டியவிலிருந்து கொழும்பு பஸ் ஏறினால் பல்லேபெத்த, கொடகவெல, கஹவத்த, பெல்மதுளை, இரத்தினபுரி என்று எல்லா ஊரிலும் கக்கூஸ் எங்கே இருக்கிறதென்று எனக்கு அத்துப்படி. பகல் பாடு இது. ராத்திரி இதைவிட மோசம். எங்கள் வீட்டில் கக்கூஸ் வெளியே, வாழைத்தோட்டத்தை ஒட்டி. உடவளவைப் பக்கத்து யானைகள் எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. டோர்ச்சை அடித்து, இலை அசைகிறதா, வேறெதுவும் அசைகிறதா என்று பார்த்துவிட்டு ஓடிப்போய் நின்றால் ஒன்றும் வராது. வந்தாலும் நூலாகத்தான் வரும். முடிந்தது என்று திரும்பினால் சாரத்தில் நாலு சொட்டு.

மனைவியின் நச்சரிப்பில் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் விரல் விட்டுப் பார்த்தார். இரத்தத்தில் பீஎஸ்ஏ என்ற புரஸ்டேட் சோதனை, பிறகு ஸ்கேன். புற்று இல்லை, புரஸ்டேட் சுரப்பி வயதோடு பெருத்திருக்கிறது என்றார். 50 முதல் 60 வயதில் ஏறத்தாழ பாதிப் பேருக்கும், 80-ஐக் கடந்தால் பத்தில் எட்டொன்பது பேருக்கும் இது இருக்கிறதாம். சிறுநீர்க்குழாய் இந்தச் சுரப்பிக்கு நடுவால்தான் போகிறது. சுரப்பி பெருத்தால் குழாய் நெருங்கும். டாம்சுலோசின் என்ற மாத்திரையை எழுதித் தந்தார். அது சுரப்பியைச் சுருக்காது, அங்குள்ள தசையைத் தளர்த்தும் என்றும் விளக்கினார். பயமும் அவசரமும் பதற்றமும் வந்தால் இறுகுகிற தசை அது. யானைக்குப் பயந்து நிற்கும்போது ஏன் வரவில்லை என்பது அன்றுதான் விளங்கியது.

கண்டியிலிருந்து மச்சான் வந்திருந்தார். பல வருடமாக யோகா செய்கிறவர். பாய் விரித்து, சுவரில் காலைச் சாய்த்துப் படுக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "மச்சான், அடிவயித்த ஏன் இப்படி இறுக்கிப் புடிச்சிருக்கீங்க? விடுங்க" என்றார். பிடித்திருப்பதே எனக்குத் தெரியவில்லை. சொட்டிவிடுமோ என்ற பயத்தில் பகலெல்லாம் பிட்டத்தையும் தொடையையும் இறுக்கியபடிதான் நடமாடியிருக்கிறேன். அவர் சொல்லித்தந்ததில் பாதிக்கு மேல் இந்தப் பிடியை விடுவதுதான். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்ட வேண்டும். பாதங்களை ஒட்டி முழங்காலை விரிக்கும் பத்த கோணாசனத்தில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ளலாம். ஆசனவாய்த் தசையை இறுக்கித் தளர்த்தும் அசுவினி முத்திரையில் இறுக்குகிற நேரத்தைப் போல் இரண்டு மடங்கு தளர்த்த வேண்டும். இதில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார்.

காலை உயர்த்திப் படுப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. நாளெல்லாம் நின்றால் காலில் நீர் தேங்கும். படுத்ததும் அது இரத்தத்துக்குத் திரும்பும், சிறுநீரகம் அதை வடிக்கும், நாம் எழும்புவோம். அந்தியிலேயே காலை உயர்த்திக் கிடந்தால் அந்தத் தண்ணீர் நித்திரைக்கு முன்பே போய்விடுகிறது. இருதய வருத்தக்காரர்கள் டொக்டரைக் கேட்டே செய்யட்டும். ராத்திரிப் பிளேன்டீயையும் விட்டேன். ஆசனங்களைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

யோகா செய்தால் சுரப்பி சுருங்கும் என்று சொல்லி வியாபாரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. யோகாவையும் சேர்த்துச் செய்த புரஸ்டேட் ஆய்வு ஒன்று உண்டுதான், அதற்குக் கண்டியோடும் ஒரு தொடர்பு இருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா 1953-ல் இலங்கைக்கு வந்து கண்டியில் யோகா கற்பித்தார். 1966-ல் அமெரிக்கா போனார். அங்கே அவரிடம் கற்ற டொக்டர் டீன் ஓர்னிஷ், ஆரம்ப நிலைப் புரஸ்டேட் புற்று உள்ள 93 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2005-ல் வெளியிட்டார். ஒரு வருடம் தாவர உணவு, நடை, யோகா, மூச்சுப் பயிற்சி என்று இருந்தவர்களுக்கு பீஎஸ்ஏ 4 வீதம் குறைந்தது. மற்றவர்களுக்கு 6 வீதம் கூடியது. நல்ல சேதிதான். ஆனால் அது புற்றுக்காரர்களைப் பற்றியது, எனக்கு இருப்பது வேறு. அதில் பலன் தந்தது சாப்பாடா, நடையா, ஆசனமா என்றும் பிரிக்க முடியாது. எனக்குச் சுருங்கியதாக எந்த ஸ்கேனும் சொல்லவில்லை. மாத்திரையும் தொடர்கிறது. எழும்புவது குறைந்திருக்கிறது, கக்கூஸில் நிற்கும்போது பதற்றம் இல்லை. எனக்கு இது போதும்.

போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் தடிமனுக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார். சில தடிமன் மாத்திரைகள் இந்த வருத்தக்காரர்களுக்குச் சிறுநீரை அடியோடு அடைத்துவிடும். அவருக்கும் அதுதான் நடந்தது. ஆஸ்பத்திரியில் டியூப் போட்டுக் கிடந்தவர் என் காதருகே, "அண்ணே, அந்த ஆசனத்த எனக்கும் சொல்லித் தாங்க" என்றார். அடைத்துக்கொண்டால் ஆசனம் உதவாது தம்பி, முதலில் நீங்கள் போட்ட மாத்திரையின் பெயரை டொக்டரிடம் சொல்லுங்கள் என்றேன்.