தெஹியோவிட்டவில் ஒரு பனிக்கால டயர்

அவிசாவளையைத் தாண்டிக் கிழக்கு நோக்கிச் செல்லும் பிரயாணியை மலைநாடு தன் வாயிலிலேயே எதிர்கொள்ளும் ஊர் தெஹியோவிட்ட. மேலே ஏறினால் தேயிலை; கீழே இறங்கினால் தென்னை; இவ்விரண்டுக்கும் நடுவே இறப்பர் மரங்களின் நிழலில் அமைந்த சிறியதொரு கடைத்தெரு. தெரணியகலைப் பக்கத்து மலைகளிலிருந்து புறப்படும் சீதாவாக்கை ஆறு இப்பகுதியின் ஓசையைத் தன்னோடு சுமந்து சென்று, அவிசாவளையின் அருகே களனி கங்கையோடு கலக்கிறது.

இங்கே பனி பெய்வதில்லை. ஆயினும் தை, மாசி மாதங்களில் இறப்பர் மரங்கள் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு எலும்புக்கூடுகளாய் நிற்கும். அந்நாளைய தோட்டத் துரைமார் தம் மொழியில் அதற்குக் குளிர்காலம் என்றே பெயரிட்டிருந்தனர். மெய்யான சோதனைக்காலமோ பின்னர் வருவது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், தோட்டப் பாதைகளின் செம்மண் சவர்க்காரம் போலாகிவிடும். 2016ஆம் ஆண்டு மே மாதம் இதே கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும் புலத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்து மனித உயிர்களைக் கொண்டுபோனதை இப்பகுதியார் மறந்தாரில்லை. வானம் இருண்டால் இங்குள்ளோர் முதலில் பார்ப்பது மலையை. அடுத்துப் பார்ப்பது பாதையை.

அத்தகைய பாதையொன்றிலே தோட்டத்தின் மேற்பிரிவிலுள்ள பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றியிறக்கும் அன்பர் ஒருவரை நான் அறிவேன். உயர்தர வகுப்பு மாணவர்க்குப் பாடஞ் சொல்ல நான் அங்கு செல்லும் நாட்களில் அவருடைய வேனிலேயே செல்வது வழக்கம். யப்பானில் ஓடிப் பின் இங்கு வந்த வண்டி அது. நான்கு சில்லுகளுக்கும் இயந்திர விசை செல்லும் வகையினது. பகலில் பாடசாலை வண்டி. நள்ளிரவில் லயத்திலே ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை கண்டால் அதுவே ஆஸ்பத்திரி வண்டி. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. உள்ளதைப் பேணிக் காப்பதன்றி அவருக்கு வேறு கதியில்லை.

சென்ற பருவமழைக்கு முன் அவர் டயர் மாற்ற எண்ணினார். "சேர், யப்பான்ல இருந்து வந்த பனி டயர் நாலு மலிவாக் கிடைக்குது. வெட்டெல்லாம் ஆழமா இருக்கு. நம்ம சேத்துக்கு இதவிட வேற என்ன வேணும்?" என்று கேட்டார். டயரின் பக்கத்திலே மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள்ளே ஒரு பனித்துகளும் பொறிக்கப்பட்டிருந்தன. மேற்பரப்பில் கத்தியாற் கீறியது போன்ற மெல்லிய கீற்றுக்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பார்ப்பவர் மயங்கத்தக்க தோற்றந்தான்.

ஆனால் அந்த டயர் எந்தக் காலநிலைக்கெனப் பிறந்தது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். சாதாரண டயரின் இறப்பர், வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்க இறங்க விறைத்து, வீதியைப் பற்றும் ஆற்றலை இழக்கிறது. கடுங்குளிரிலும் விறைக்காதபடி மென்மையான கலவையிற் செய்யப்படுவதே பனிக்கால டயர். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இத்தகைய டயரைப் பூட்டியே கார் ஓட்டவேண்டுமென்பது சட்டம். அங்கே உயிர்காக்கும் அதே மென்மை, முப்பது பாகை வெயிலிற் கொதிக்கும் நம் தார்வீதியிலே குறையாகிவிடும். டயர் விரைவில் தேய்வது ஒருபுறமிருக்க, மழை நனைத்த வீதியில் தடையை மிதித்தால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். பதினொரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும் வண்டிக்கு அந்த அதிக தூரம் எங்கே இருக்கிறது? ஒருபுறம் மண்மேடு, மறுபுறம் பள்ளம்.

பனிக்கால டயர்க் கலவையிலே இயற்கை இறப்பருக்குச் சிறப்பான இடமுண்டு. குளிரில் இளகி நிற்பது அதன் பிறவிக் குணம். 1876ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து கப்பலேறிய கன்றுகள் நம் நாட்டின் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அவ்வழி வந்த மரத்தைத்தான் தெஹியோவிட்டப் பெண்கள் இன்றும் விடியற்காலையில் வெட்டிப் பாலெடுக்கிறார்கள். ரொறன்ரோவிலே பனிவீதியில் கார் ஓட்டும் நம்மவர் ஒருவரின் சில்லில் இத்தோட்டத்துப் பால் இருந்தாலும் வியப்பில்லை. பால் வெட்டுபவளின் பிள்ளை மட்டும் மொட்டை டயரில் பாடசாலை செல்வதென்றால், அதை எந்தக் கணக்கிற் சேர்ப்பது?

நான்கு சில்லும் இழுக்கும் வண்டி வழுக்காது என்றொரு நம்பிக்கை சாரதிகளிடையே வேரூன்றியிருக்கிறது. சேற்றில் புதையாமற் புறப்படவும் மேட்டில் ஏறவும் அந்த அமைப்பு பேருதவி செய்வது உண்மை. நிற்பதற்கோ அது உதவாது. எல்லாக் கார்களுக்கும் நான்கு சில்லிலும் தடை உண்டு. எளிதில் ஏறிவிட்ட துணிவிலே சாரதி இறக்கத்தில் விரைவதுதான் ஆபத்து. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு மொட்டை டயரோடு இறங்குபவர்களைக் காணும்போது, பிள்ளையார்மேல்தான் எனக்கு இரக்கம் வருகிறது.

காசு போதாமல் முன்னிரண்டை மட்டும் மாற்றலாமா என்றும் அன்பர் யோசித்தார். வேறு வண்டியானால் அது பற்றிப் பேசலாம். இவ்வகை வண்டியிலோ புதியதும் தேய்ந்ததும் சேர்ந்தால் சுற்றளவு வேறுபட்டு, முன்னச்சும் பின்னச்சும் வெவ்வேறு வேகத்திற் சுழலும். இடையிலுள்ள இணைப்பு ஓயாது உழைத்துச் சூடேறிப் பழுதாகும். அதைத் திருத்தும் செலவு டயர் விலையை விழுங்கிவிடும். மாற்றினால் நான்கும் ஒரே அளவில், ஒரே வகையில் மாற்றவேண்டும்.

சில்லின் அளவும் ஆராயத்தக்கது. வண்டியில் 17 அங்குல அலோய் ரிம். அதன்மேல் 215/60 அளவு டயர். 16 அங்குல ரிம்மில் 205/70 டயர் பூட்டினால் மொத்த விட்டம் ஏறத்தாழ அதே 690 மில்லிமீற்றர் அளவிலேயே நிற்கும், வேகமானியும் பிழைக்காது. பக்கச்சுவர் உயர்வதனால் கல்லிலும் குழியிலும் ரிம் அடிபடுவது குறையும். அகலம் சிறுப்பதனால் தேங்கிய நீரை டயர் எளிதிற் கிழித்துச் செல்லும். தடை உறுப்புக்கள் ரிம்மினுள்ளே உரசாமல் இருக்கின்றனவா என்பதையும், டயர் தாங்கும் பாரத்தின் எண்ணையும் முதலிற் பார்த்தல் அவசியம். பளபளக்கும் பெரிய ரிம் நகரத்துக் கல்யாண வீட்டுக்கு உகந்தது, தோட்டத்துக்கு அன்று.

டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களையும் அவருக்குக் காட்டினேன். 4715 என்றிருந்தது, அதாவது 2015ஆம் ஆண்டின் 47ஆவது வாரத்திற் செய்தது. வெட்டு ஆழமாயிருந்தும் பத்தாண்டு கடந்த இறப்பர். அவர் நெடுநேரம் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை பிள்ளைகளின் பெற்றோர் லயத்து முற்றத்திற் கூடினர். மாதக் கட்டணத்தோடு ஆறு மாதத்துக்குச் சிறுதொகை கூடுதலாகத் தர ஒப்புக்கொண்டனர். பேரம் பேசாமல் முதலில் எழுந்தவர், பால் வெட்டுக்குச் செல்லும் ஒரு பாட்டி. "டயர் நம்ம பாலுதானே தம்பி, நல்லதாப் பாத்து வாங்குங்க" என்றார். அடுத்த வாரம் அவிசாவளையில் மழைவீதிக்கேற்ற புதிய டயர் நான்கும், பழைய 16 அங்குல இரும்பு ரிம் நான்கும் வாங்கப்பட்டன. கடைக்காரர் அலோய் ரிம்களை விலைக்கு எடுத்துக்கொண்டார். மழைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.